சளி வைரஸை வலுவாக்கி வீழ்த்தும் மருந்து

"மருந்து சாப்பிட்டால் சளி ஒரு வாரத்தில் போய்விடும். சாப்பிடாவிட்டால் ஏழு நாள் ஆகும்!"

இந்த ஜோக்கைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் போதும், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலு பேராவது தும்மிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் தூதுவளை ரசம், சுக்குக் கஷாயம், நொச்சி இலை போட்டு ஆவி. அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் ஷாப். "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்றால் கடைக்காரர் மூன்று நான்கு மாத்திரைகளை வெட்டி ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கவரில் என்ன இருக்கிறது? பாராசிட்டமால் காய்ச்சலையும் உடம்பு வலியையும் குறைக்கும். இன்னொரு மாத்திரை மூக்கொழுகலை நிறுத்தித் தூக்கம் வரவைக்கும். சில நேரம் கூடவே ஒரு ஆன்டிபயாடிக்கும் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் சளியைத் தருவது வைரஸ். ஆக, காசு கொடுத்து வாங்கிய அத்தனை மாத்திரையில் ஒன்றுகூட வைரஸைத் தொடவில்லை!

நிலாவுக்கு ஆள் அனுப்பிய மனிதனால் சளிக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லையா? முடிந்தது என்பதுதான் ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அந்த மருந்து வேலை செய்யும் விதம். அது வைரஸை உடைப்பதில்லை. இன்னும் உறுதியாக்குகிறது. உறுதியாக்கியே வீழ்த்துகிறது. அது எப்படி? பார்ப்போம்.

மூக்கில் குடியிருக்கும் ரைனோ

சளிக்குக் காரணமான வைரஸ்கள் பல உண்டு. அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. சளி பிடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதுதான் காரணம். ரைனோ என்றதும் காண்டாமிருகம் ஞாபகம் வருகிறதா? இரண்டு பெயருக்கும் மூலம் ஒன்றுதான். கிரேக்க மொழியில் அது மூக்கைக் குறிக்கும் சொல். காண்டாமிருகத்துக்கு மூக்கில் கொம்பு, நமக்கு மூக்கில் வைரஸ்.

இதன் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக நிற்கவைக்கலாம். உள்ளே சுமார் 7,200 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. என்னும் மரபுச் செய்தி. அதைச் சுற்றி ஒரு புரத உறை. வேறு எதுவும் கிடையாது. கொரோனா வைரஸுக்கு இருப்பது போன்ற கொழுப்புப் போர்வைகூட இல்லை.

அந்த உறை எப்படிப்பட்டது என்று புரிய மாமல்லபுரத்துக்கே போகலாம். ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பாறையைக் குடைந்து செதுக்கியவை, ஒட்டு கிடையாது. கடற்கரைக் கோயில் அப்படிப்பட்டதல்ல. ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கோயில் அது. ரைனோ வைரஸின் உறை இந்தக் கடற்கரைக் கோயில் வகை. நான்கு வகைப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள், மொத்தம் 240 துண்டுகள். சிமெண்ட் இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி, இருபது முகங்கள் கொண்ட ஒரு பந்தாக நிற்கின்றன.

வைரஸின் தர்மசங்கடம்

இந்த உறைக்கு இரண்டு வேலைகள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஒருவர் தும்மியதிலிருந்து இன்னொருவர் மூக்கைச் சேரும்வரை ஆர்.என்.ஏ. கெடாமல் இருக்க வேண்டும். கையில், கதவுப் பிடியில், பஸ் கம்பியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு உறை உறுதியாக இருந்தாக வேண்டும். ஆனால் மூக்கின் செல்லுக்குள் நுழைந்ததும் அதே உறை திறந்து ஆர்.என்.ஏ.வை வெளியே விட வேண்டும். திறக்காவிட்டால் வைரஸால் ஒரு குட்டிகூடப் போட முடியாது.

வழியில் உடைந்தாலும் சாவு, வாசலில் உடையாவிட்டாலும் சாவு! ஆகவே ரைனோ வைரஸ் கத்திமுனையில் நடக்கிறது. அதன் உறுதி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிறதே... 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்ட அதே பாறை. சரிவில் நிற்கிறது. இப்போது உருளும், அப்போது உருளும் என்று தோன்றும். உருளாது. 1908ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். பாறைக்கு அந்த உறுதி பெருமை. ரைனோ வைரஸுக்கு அதே உறுதி வந்துவிட்டால் அது மரண தண்டனை. மருந்து கண்டுபிடித்தவர்கள் பிடித்த இடம் இதுதான்.

பள்ளத்தாக்குக்குக் கீழே ஒரு பை

1985ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் தலைமையிலான குழு, ரைனோ வைரஸ் 14 என்ற வகையின் உருவத்தை அணு அணுவாகக் கண்டறிந்து வெளியிட்டது. வைரஸைப் படிகமாக்கி, அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறிய புள்ளிகளை சைபர் 205 என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். மனிதரைத் தாக்கும் ஒரு வைரஸின் முழு உருவம் இந்த அளவு துல்லியமாகத் தெரிந்தது அப்போதுதான். அதே ஆண்டு போலியோ வைரஸின் உருவமும் வெளிவந்தது.

(இப்படிக் கண்டறியும் எந்தப் புரத வடிவமும் சரிதானா என்று சோதிக்க உலகம் முழுவதும் பயன்படுவது 'ராமச்சந்திரன் வரைபடம்'. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது. சளி வைரஸ் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு!)

ராஸ்மன் குழு கண்ட உருவத்தில் ஒரு விசேஷம் இருந்தது. வைரஸின் மேற்பரப்பில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு ஓடியது. மூக்கின் செல்லில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி போன்ற புரதம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வந்து மாட்டுகிறது என்று பிறகு உறுதியானது. பள்ளத்தாக்கின் தரைக்குக் கீழே, எண்ணெய்ப் பசை விரும்பும் ஒரு சிறிய பை இருந்தது.

ஸ்டெர்லிங் வின்த்ராப் என்ற மருந்துக் கம்பெனியிடம் அப்போது 'வின்' என்ற பெயரில் சில மருந்துகள் இருந்தன. அவை ரைனோ வைரஸைத் தடுக்கும் என்று தெரியும். எப்படித் தடுக்கின்றன என்பது புதிர். 1986ல் புதிர் அவிழ்ந்தது. நீண்டு ஒல்லியான அந்த மருந்து மூலக்கூறு, பள்ளத்தாக்கின் கீழே உள்ள பைக்குள் போய் வசதியாகப் படுத்துக்கொள்கிறது. பல ரைனோ வைரஸ்களில் அந்தப் பையில் இயற்கையாகவே கொழுப்பு அமிலம் போன்ற ஒரு பொருள் இருக்கும். திறக்கும் நேரத்தில் அது வெளியேறி வழிவிடும். மருந்தோ வெளியேறுவதாக இல்லை. விளைவு? உறை திறக்க மறுக்கிறது. வெப்பத்தில் சாதாரணமாகச் சிதைந்துவிடும் வைரஸ், மருந்தோடு இருந்தால் அதே வெப்பத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. ஆயுள் கைதி.

மூச்சுவிடும் உறை

உறை என்றதும் அசையாத ஓடு என்று நினைத்துவிடக் கூடாது. 1998ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியை ரைனோ வைரஸோடு கலந்தார்கள். நியாயப்படி வெளியே தெரியும் பாகங்கள் மட்டும்தான் வெட்டுப்பட வேண்டும். ஆனால் உறையின் உட்புறத்தில் இருக்க வேண்டிய பாகங்களும் வெட்டுப்பட்டிருந்தன! அதாவது உறை லேசாகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பது அவ்வப்போது வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் 'மூச்சுவிடுதல்'. வின் மருந்து ஒன்றைச் சேர்த்ததும் மூச்சு நின்றது. உட்புறப் பாகங்கள் வெட்டுப்படவில்லை.

அப்படியானால் மருந்து உறையைக் கல்லாக விறைக்கவைக்கிறதா? அதுவும் இல்லை என்கிறது 1995ல் வந்த இன்னொரு ஆய்வு. பர்டியூவைச் சேர்ந்த கரோல் போஸ்ட் குழுவினர் கம்ப்யூட்டரில் அணுக்களின் அசைவைப் போட்டுப் பார்த்தார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது உறைப் புரதம் அழுத்தத்துக்கு இன்னும் வளைந்து கொடுப்பதாகத் தெரிந்தது. வெள்ளத்தில் மரம் சாயும், நாணல் வளைந்து நிமிரும். மருந்து ஏறிய உறை நாணல் மாதிரி. சின்னச் சின்ன அசைவுகளுக்கு இடம் கிடைத்துவிடுவதால், பிளந்து திறக்கும் பெரிய அசைவுக்கு அவசியம் குறைகிறது.

அகத்தியும் உப்பளமும்

வைரஸ் உறையின் உறுதியை ஒரு சிறு பொருள் தீர்மானிக்கும் என்பது ரைனோ வைரஸோடு முடிந்துபோன விஷயமல்ல. நம் பக்கத்திலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

துவாதசி அன்று கட்டாயம் சமைக்கிறோமே அகத்திக்கீரை, அதையும் ஒரு வைரஸ் தாக்கும். திருப்பதி வட்டாரத்து அகத்திச் செடிகளில் கண்டறியப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என்.மூர்த்தி, எச்.எஸ்.சாவித்திரி ஆகியோரின் குழு 1995ல் அதன் உருவத்தை வெளியிட்டது. மூர்த்தி முன்பு பர்டியூவில் ராஸ்மனோடு பணியாற்றியவர். அகத்தி வைரஸின் புரதத் துண்டுகளை இணைக்கும் இடங்களில் கால்சியம் அணுக்கள் ஆணி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் உறையின் உறுதி குறைந்துவிடுகிறது.

இரண்டாவது உதாரணம் போலியோ. போலியோ வைரஸும் ரைனோ வைரஸும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். முகாம் அன்று ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊழியர்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வெயிலில் அந்த வைரஸ் உறை சிதைந்தால் சொட்டு மருந்து வெறும் தண்ணீர்தான். அங்கே வைரஸ் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை! அதற்காக மருந்தில் சேர்க்கும் பொருள்களில் ஒன்று மெக்னீசியம் குளோரைடு. கேளம்பாக்கம், மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாரிய பிறகு கசப்பாக ஒரு நீர் மிஞ்சுமே, அதில் நிறைய இருக்கும் அதே உப்பு. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோ ஒருவருக்கும் வரவில்லை, 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது. அந்த வெற்றியில் இந்தக் கசப்பு உப்புக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

ஆக, உறுதி என்பது நல்லதா கெட்டதா? அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது.

வைரஸ் சும்மா இருக்குமா?

இருக்காது. ஆய்வுக்கூடத்தில் மருந்துக்கு நடுவே வளர்த்தபோது வைரஸ்கள் இரண்டு வழியில் தப்பின. சில வைரஸ்கள் பையின் சுவரில் பருமனான ஒரு அமினோ அமிலத்தை வைத்துப் பையையே அடைத்துவிட்டன. மருந்துக்கு இடமே இல்லை. வேறு சில வைரஸ்கள் மருந்தை உள்ளே விட்டுவிட்டு, வேறு இடங்களில் மாறுதல் செய்துகொண்டு சமாளித்தன.

இதில் ஒரு வேடிக்கை 1993ல் தெரியவந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் ரூக்கர்ட் குழுவினர், வின் மருந்து இல்லாமல் வாழவே முடியாத போலியோ வைரஸ் வகைகளைக் கண்டார்கள். மருந்தைச் சமாளிக்க உறையைத் தளர்த்தித் தளர்த்தி, கடைசியில் மருந்து தாங்கிப் பிடித்தால்தான் நிற்க முடியும் என்ற நிலைக்கு அவை வந்திருந்தன. மருந்தை எடுத்துவிட்டால் செல்லைவிட்டு வெளியே வந்தபின் தானே சிதைந்தன. எந்த விஷத்துக்குப் பயந்ததோ, அதற்கே அடிமை!

ஒரு நாளின் விலை

இவ்வளவு அருமையான மருந்து ஏன் கடைக்கு வரவில்லை? இனி வருவது கணக்கு.

வின் வரிசையில் முதலில் வந்த டைசாக்சரில், சோதனையில் கலந்துகொண்டவர்களின் சிறுநீரில் படிகமாகப் படிந்ததால் கைவிடப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு வந்தது பிளெகோனரில். வைரோபார்மா என்ற கம்பெனி அதை மாத்திரையாக்கி 2,096 பேரிடம் சோதித்தது. அவர்களில் 1,363 பேருக்கு ரைனோ குடும்ப வைரஸ் இருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சளி குணமாக 7.3 நாள். பிளெகோனரில் சாப்பிட்டவர்களுக்கு 6.3 நாள்.

அந்தப் பழைய ஜோக் கிட்டத்தட்ட உண்மைதான் என்று ஆகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு நாள்.

2002 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு பதினைந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் அனுமதி வேண்டாம் என்றது. மே மாதம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்? பிளெகோனரில் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகிறது. அந்த நொதி மற்ற மருந்துகளையும் வேகமாகக் கரைத்துவிடும். முக்கியமாகக் கருத்தடை மாத்திரையின் பலன் குறைந்துபோகலாம். சிலரிடம் மருந்துக்கு மசியாத வைரஸ்களும் தென்பட்டன. தானாகவே போகும் சளிக்காகக் கோடிக்கணக்கான ஆரோக்கியமானவர்கள் சாப்பிடப்போகும் மாத்திரை அது. ஒரு நாள் லாபத்துக்கு இந்த ரிஸ்க் அதிகம். வரவு செலவு பார்த்தால் அந்த முடிவு சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. யாருடைய ஒரு நாள்?

நல்ல உடம்புக்காரருக்கு அது ஒரு நாள் தும்மல். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அப்படியா? குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா தாக்குதல்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஏதாவது ஒரு சளி வைரஸ் இருக்கிறது, அதிலும் ரைனோதான் அதிகம். பீடி, சிகரெட், விறகு அடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டுப்போன பெரியவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்குச் சளி என்றால் இரவெல்லாம் மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். அவர்களுக்கு ஒரு நாளின் மதிப்பு வேறு. அதனால்தான் பிறகு இதே வகை மருந்துகளை ஆஸ்துமா உள்ளவர்களிடம் சோதித்தார்கள். பிளெகோனரிலை மூக்கில் தெளிக்கும் மருந்தாகவும் முயன்றார்கள். எதுவும் இன்னும் மெடிக்கல் ஷாப் வரை வந்து சேரவில்லை.

இங்கேதான் வைரஸ் ஒரு பெரிய குட்டு வைத்தது. 2006ல் ரைனோ 'சி' என்ற புதிய பிரிவு தெரியவந்தது. குழந்தைகளுக்குக் கடுமையான மூச்சிரைப்பைத் தருவதில் பேர்போன பிரிவு. 2016ல் ராஸ்மன் இடம்பெற்ற குழு அதன் உருவத்தைக் கண்டது. மருந்து படுக்க வேண்டிய பை, பருமனான அமினோ அமிலங்களால் ஏற்கெனவே அடைபட்டிருந்தது! ஆய்வுக்கூடத்தில் மருந்துக்கு எதிராக வைரஸ் செய்த தந்திரம், இங்கே பிறவியிலேயே இருந்திருக்கிறது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அவர்களைத் தாக்கும் வைரஸிடம் மருந்து செல்லாது.

ஆகவே அடுத்த மருந்து வேறு பூட்டைத் தேட வேண்டும். 160க்கும் மேற்பட்ட ரைனோ வகைகளுக்கும் பொதுவான ஒரு பலவீனம் கிடைக்க வேண்டும். அதே நேரம், உறையை உறுதியாக்கும் யோசனை வீண்போகவும் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் சொட்டு மருந்து வைரஸை வருடக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருக்கும் சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்காக போகபாவிர் என்ற மருந்தைச் சோதிக்கிறார்கள். அதுவும் அதே பையில் படுத்து, அதே மாதிரி உறையைப் பூட்டுவதுதான்.

அதுவரை?

சளிக்கென்று வைரஸைத் தாக்கும் மாத்திரை இன்று எந்தக் கடையிலும் இல்லை. டாமிஃப்ளூ இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்கு மட்டும்தான். அசித்ரோமைசின் அட்டையைக் காலி செய்தாலும் ரைனோ வைரஸுக்கு ஒரு துண்டுகூட அசையாது. உடம்பில் உள்ள பாக்டீரியாதான் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வரும்போது அது கைகொடுக்காமல் போகலாம். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கையைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். கொழுப்புப் போர்வை இல்லாத ரைனோவைக் கரைப்பது கடினம், கழுவித் தள்ளுவது சுலபம். கழுவாத கையை மூக்குக்கும் கண்ணுக்கும் கொண்டுபோகாதீர்கள். கஞ்சி, வெந்நீர், ரசம், தூக்கம் எல்லாம் இதம்தான். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், "வெறும் சளிதானே" என்று தும்மிக்கொண்டே அதைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள். மூச்சிரைப்பு தொடங்கினால் கடைக்காரரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

மற்றவர்களுக்கு ஏழு நாள். வேண்டுமானால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!